இலவசமா கொடுத்தா சுமாராத்தான் இருக்குமா? ஒரு டப் ரெக்கே கச்சேரியும் ரெண்டு கேள்விகளும்



இன்னைக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. ஒரு பாட்டு விஷயம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா கடைசி வரை படிங்க. நடுவுல காது பத்தி ஒரு மருத்துவக் குறிப்பும் இருக்கு.

போன வாரம் நைட் டியூட்டி. மணி மூணு இருக்கும். கேஷுவாலிட்டி கொஞ்சம் ஓய்ஞ்சிருந்தது. ஒரு காதுல மட்டும் இயர்போன் மாட்டிட்டு கேஸ் ஷீட் எழுதிட்டு இருந்தேன். பயிற்சி மருத்துவத் தம்பி ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் கேக்கறீங்க?"

"டப் ரெக்கேப்பா. ஒரு லைவ் கச்சேரி. ரெண்டு மணி நேரம் ஓடும்."

"எங்க சார் வாங்கினீங்க?"

"வாங்கல. இலவச டவுன்லோட். பேண்டே அனுமதிச்சிருக்கு."

"ஓ, ஃப்ரீயா? அப்ப சுமாரான பேண்டா இருக்கும் சார்."

சிரிச்சிட்டு விட்டுட்டேன். ஆனா அன்னைக்கு சாயங்காலம்தான் ஒரு அம்மா பிரஷர் மாத்திரையை கையில வச்சிக்கிட்டு என்கிட்ட கேட்டிருந்தாங்க. "சார், இது இலவச மாத்திரைதானே? கேக்குமா? வெளிய எழுதிக் குடுங்க, காசு போனா போகுது."

ரெண்டு பேருக்கும் ஒரே டயக்னோசிஸ்தான். இலவசம்னா தரம் குறைவுன்னு ஒரு நம்பிக்கை.

அந்த அம்மாவுக்கு பதில் சொல்றது எனக்கு சுலபம். "அம்மா, இது இலவசம் இல்ல. உங்க வரிப்பணத்துல அரசு டெண்டர் போட்டு வாங்கி, தரம் சோதிச்சு அனுப்புற மாத்திரை. உங்க கையில பில் வரல, அவ்வளவுதான்" அப்படின்னு முடிச்சிடுவேன்.

தம்பிக்குத்தான் பதில் சொல்ல ஒரு பதிவு தேவைப்படுது. அதுதான் இது.

*முதல்ல, டப்னா என்ன?*

எங்க ஆளுங்ககிட்ட "டப்"னு சொன்னா ஸ்டெத்தைத்தான் எடுப்பாங்க. இதயத்தோட சத்தம் "லப்-டப்". அதுல ரெண்டாவது சத்தம்தானேன்னு கேப்பாங்க.

இந்த டப் ஜமைக்காவுல பிறந்தது. கரீபியன் கடல்ல இருக்கிற ஒரு சின்னத் தீவு. பாப் மார்லி பிறந்த நாடு. அங்க உருவான ரெக்கே இசையை 2018ல யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்தது.

ரெக்கே பாட்டு ஒண்ணை எடுத்துக்கோங்க. பாடகர் குரலைக் கழட்டுங்க. ட்ரம்ஸும் பேஸ் கிடாரும் மட்டும் முன்னாடி வரட்டும். அப்பப்ப கிடார் ஒரு வெட்டு வெட்டிட்டு எக்கோவுல கரைஞ்சு போகும். பாடகரோட ஒரு சொல் மட்டும் எங்கிருந்தோ வந்து, திரும்பத் திரும்ப ஒலிச்சு மறையும். திடீர்னு எல்லாம் நின்னு பேஸ் மட்டும் தனியா நடக்கும். அதுதான் டப்.

*இது எப்படி ஆரம்பிச்சது?*

ஒரு தவறுல ஆரம்பிச்சதா ஒரு கதை சொல்வாங்க. 1960களின் கடைசி. அங்க பாட்டு கேக்கறதுன்னா சவுண்ட் சிஸ்டம்தான். தெருவுல ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, இசைத்தட்டு போட்டு, மக்கள் ஆடுவாங்க.

ரூடி ரெட்வுட்னு ஒரு சவுண்ட் சிஸ்டம்காரர். அவருக்காக பாரகான்ஸ் குழுவோட "ஆன் தி பீச்" பாட்டை தட்டுல வெட்டும்போது, பாடகர் குரலைச் சேர்க்காம விட்டுட்டாங்க. ரெட்வுட் அதைத் தூக்கிப் போடல. ராத்திரி கூட்டத்துல முதல்ல பாட்டைப் போட்டார், அடுத்து குரல் இல்லாத தட்டைப் போட்டார். குரல் இல்லாத இடத்துல கூட்டமே பாடுச்சாம்.

அப்புறம் இசைத்தட்டோட மறுபக்கத்துல குரல் இல்லாத "வெர்ஷன்" போடறது வழக்கமாச்சு. அதை ஒரு தனிக் கலையா மாத்தின முக்கியமான ஆள் கிங் டபி. நிஜப் பேர் ஆஸ்போர்ன் ரடக். அடிப்படையில ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்றவர். கிங்ஸ்டன் நகரத்துல வாட்டர்ஹவுஸ்ங்கிற ஏழைப் பகுதியில, வீட்டுலயே ஒரு சின்ன ஸ்டுடியோ. பெரிய ஸ்டுடியோவுல இருந்து வாங்கின பழைய நாலு டிராக் மிக்ஸர் ஒண்ணு.

அந்த மிக்ஸரை அவர் வாத்தியம் மாதிரி வாசிச்சார். எந்தக் குமிழை எப்ப திருப்பணும், எதை எப்ப அணைக்கணும்னு டேப் ஓடும்போதே கையால முடிவு பண்ணுவார். அதனால ஒரே பாட்டை ரெண்டு தடவை மிக்ஸ் பண்ணினா ரெண்டு டப் கிடைக்கும்.

இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. டப் ஒருமுறை போல மறுமுறை வராது. தம்பிக்கான பதில்ல பாதி இதுலதான் இருக்கு.

*ஸ்டுடியோ வித்தையை மேடையில எப்படி வாசிக்கிறது?*

பின்னால வந்த சில பேண்டுகள் இதை மேடைக்கே கொண்டு வந்தாங்க. ட்ரம்மர் வாசிச்சிட்டே இருப்பார். கிடார், கீபோர்டு ஆளுங்க கண் ஜாடையில நிறுத்துவாங்க. எக்கோ மெஷினை யாராவது ஒருத்தர் இயக்குவார். மிக்ஸர் முன்னாடி நிக்கிற சவுண்ட் இன்ஜினியரும் பேண்டுல ஒரு ஆள்தான்.

நான் அன்னைக்கு கேட்டுட்டு இருந்தது அப்படி ஒரு பேண்ட். ஜயன்ட் பாண்டா கொரில்லா டப் ஸ்குவாட். பேரைக் கேட்டு சிரிக்காதீங்க. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல ராசெஸ்டர்னு ஒரு ஊர்க்காரங்க. "ஸ்லோ டவுன்" அப்படிங்கிற அவங்க ஆல்பம் 2006ல வந்தது. ஆனா அவங்க வளர்ந்தது ஊர் ஊரா போய் வாசிச்சுத்தான்.

அந்த மேடைக் கச்சேரிகள்ல நிறைய இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துல "லைவ் மியூசிக் ஆர்க்கைவ்" பகுதியில இருக்கு. ஒவ்வொரு கச்சேரியும் தேதி, ஊர், பாட்டு வரிசையோட முழு ஆல்பம் மாதிரி. பட்டனை அமுக்கினா டவுன்லோட் ஆகும். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது.

*யார் வீட்டுக் காசுல இந்த இலவசம்?*

இதைத்தான் தம்பி கேட்டிருக்கணும்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996ல தொடங்கின லாப நோக்கமில்லாத அமைப்பு. லைவ் மியூசிக் பகுதி 2002ல வந்தது. அதோட விதிகள் எளிமையானவை. தன் கச்சேரியைப் பதிவு பண்ணிப் பகிரலாம்னு சம்மதிச்ச பேண்டுகளோட பதிவு மட்டும்தான் அங்க இருக்கும். கேக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். விக்கக் கூடாது.

பதிவு பண்றது யாரு? பெரும்பாலும் ரசிகர்கள். சொந்தக் காசுல மைக் வாங்கி, டிக்கெட் எடுத்துப் போய், கூட்டத்துக்கு நடுவுல ஸ்டாண்டை நிறுத்தி, ரெண்டு மணி நேரம் பக்கத்துல இருக்கிறவரைப் பேசவிடாம பாத்துக்கிட்டு, வீட்டுக்கு வந்து பாட்டு பாட்டா பிரிச்சு ஏத்தறாங்க. சம்பளம் எதுவும் இல்லை.

ஆக, இந்த இலவச ஆல்பத்துக்கு மூணு பேர் செலவு பண்ணியிருக்காங்க. வாசிச்சவங்க, பதிவு பண்ணின ரசிகர், சேமிச்சு வச்சிருக்கிற அமைப்பு. நம்ம கைக்கு பில் வரல, அவ்வளவுதான். அந்த அம்மாவோட பிரஷர் மாத்திரை மாதிரியே.

பேண்ட் ஏன் சம்மதிக்குது? டப் ஒருமுறை போல மறுமுறை வராதுன்னு மேலே சொன்னேனே, அதனாலதான். நேத்து கச்சேரியை நீங்க இலவசமா எடுத்துக்கிட்டாலும் நாளைக்கு வாசிக்கப் போறது வேற. பதிவைக் கேட்டவன் "அடுத்த தடவை நேர்ல பாக்கணும்"னு டிக்கெட் வாங்கறான். மேடையில பிழைக்கிற பேண்டுக்கு பழைய கச்சேரி ஒரு அழைப்பிதழ்.

சுமாரான பேண்டா இருந்தா இதைச் செய்யவே பயப்படும். தப்பா வாசிச்ச ராத்திரியும் பதிவாகி ஊரெல்லாம் போகுமே! திருத்தாத கச்சேரியைத் தூக்கிக் கொடுக்க தைரியம் வேணும். தம்பி, இதுதான் உங்க கேள்விக்கு என் பதில்.

*ஆனா கதை இதோட முடியல*

இதுவரை படிச்சிட்டு "அப்போ எல்லா பாட்டும் இலவசமாவே இருக்கட்டுமே டாக்டர்"னு யாராவது கமெண்ட் போடுவீங்க. அங்கதான் எனக்கு மாற்றுக் கருத்து.

இந்த இசை பிறந்த ஜமைக்காவுக்கே திரும்பப் போவோம்.

அங்க ஒரு பாட்டோட இசையை எடுத்து அது மேல வேற பாட்டு, வேற பேச்சு வைக்கிறது சாதாரணம். ஸ்டுடியோ ஒன் கம்பெனிக்காக சவுண்ட் டைமன்ஷன் குழு வாசிச்ச "ரியல் ராக்" இசை மேல நூத்துக்கணக்கான பாட்டுகள் வந்திருக்கு. யூ-ராய் என்ற கலைஞர் பாரகான்ஸ் பாட்டுகள் மேல பேசிப் பாடி 1970ல பெரிய ஹிட் கொடுத்தார். ஒருத்தர் போட்ட விதையில ஊரே அறுவடை பண்ணுச்சு. ரெக்கே உலகம் முழுக்கப் போனதுக்கு இந்தப் பகிர்வும் ஒரு காரணம்.

ஆனா அந்த முதல் இசையை வாசிச்சவங்களுக்கு என்ன கிடைச்சது? பல பேருக்கு அன்னைக்கு ஸ்டுடியோவுல கொடுத்த கூலி மட்டும்தான். 1962ல சுதந்திரம் வாங்கின ஜமைக்கா, 1911ம் வருஷத்து பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டத்தை வச்சே ஓட்டுச்சு. சொந்தமா புதுச் சட்டம் வந்தது 1993ல. அதுக்குள்ள ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெக்கே, டப் எல்லாம் பிறந்து வளர்ந்து உலகம் சுத்திடுச்சு.

கிங் டபி அந்தச் சட்டம் வர்ற வரைக்கும் உயிரோட இல்லை. 1989 பிப்ரவரியில தன் வீட்டு வாசல்ல சுட்டுக் கொல்லப்பட்டார். வயசு 48.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ராசெஸ்டர் பேண்ட்கிட்ட யாரோ கேட்டாங்க, அவங்க "சரி"ன்னாங்க. கிங்ஸ்டன் வாத்தியக்காரர்கிட்ட பெரும்பாலும் யாரும் கேக்கவே இல்லை. கேக்கறவனுக்கு ரெண்டுமே மலிவா கிடைக்குது. முதலாவது கொடுத்தது, ரெண்டாவது எடுத்துக்கிட்டது.

எங்க தொழில்ல இதுக்குச் சரியான உதாரணம் ரத்தம். ரத்த தானம் இலவசம். காசு வாங்கி ரத்தம் கொடுக்கிற முறை நம்ம நாட்டுல உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. தானமா வர்ற ரத்தம்தான் பாதுகாப்பானதுன்னு படிச்சிருக்கோம். அதுக்காக ஒருத்தரை மயக்கத்துல படுக்க வச்சு அவருக்குத் தெரியாம ஒரு யூனிட் எடுத்துட்டு "இதுவும் இலவசம்தானே"ன்னு சொல்ல முடியுமா? முடியாது. தானத்தோட உயிர் சம்மதத்துல இருக்கு.

*சம்மதிச்சவருக்கு நிறுத்தவும் உரிமை உண்டு*

இன்னொரு சம்பவம் சொல்றேன். ரசிகர்கள் பதிவு பண்றதை அனுமதிச்சதுல முன்னோடி கிரேட்ஃபுல் டெட் என்கிற அமெரிக்க ராக் பேண்ட். 1984லேயே பதிவு பண்றவங்களுக்கு கச்சேரியில தனி இடமே ஒதுக்கினாங்க. அவங்க கச்சேரிகளும் இதே ஆர்க்கைவ்ல இருக்கு.

2005ல அவங்க தரப்பு ஒரு எல்லை வச்சாங்க. ரசிகர்கள் கூட்டத்துல இருந்து பதிவு பண்ணினதை டவுன்லோட் பண்ணலாம். மிக்ஸர்ல இருந்து நேரடியா எடுத்த பதிவை தளத்துல கேக்கலாம், டவுன்லோட் மட்டும் கிடையாது. ரசிகர்கள் கொந்தளிச்சாங்க. "கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கறீங்க"ன்னு ஒரே சண்டை.

எனக்கு அதுல பேண்ட் பக்கம்தான் நியாயம் தெரியுது. இத்தனை வருஷம் கொடுத்தவங்க, இவ்வளவுதான்னு ஒரு கோடு போட்டா, வாங்கினவன் கோபப்படறதுக்கு என்ன இருக்கு? பழகிப் போன இலவசம் சீக்கிரம் உரிமையா மாறிடுது. மருந்து, சிகிச்சை மாதிரி விஷயங்கள்ல அது உரிமையாத்தான் இருக்கணும். ஏன்னா நாம எல்லாரும் சேர்ந்து வரி கட்டியிருக்கோம். ஒரு தனி மனுஷனோட பாட்டு அப்படி இல்லை.

*இதை நான் உணர்ந்த நேரம்*

உண்மையைச் சொல்லிடறேன். காலேஜ்ல நானும் பென் டிரைவ் பென் டிரைவா திருட்டுப் பாட்டு நிரப்பினவன்தான். ஹாஸ்டல்ல யார்கிட்ட ஹார்ட் டிஸ்க் பெருசோ அவர்தான் ராஜா. ஒரு நாளும் உறுத்தினதில்லை.

2020ல கொரோனா வார்டு டியூட்டி. ஒரு வாரம் டியூட்டி முடிச்சா, வீட்டுக்குப் போகாம ஒரு லாட்ஜ் ரூம்ல தனிமை. பிபிஇ போட்டு வேர்த்து, முகத்துல மாஸ்க் தழும்போட வந்து படுத்தா தூக்கம் வராது. காதுல மானிட்டர் சத்தமே கேட்டுட்டு இருக்கும். அப்பதான் இந்த டப் கச்சேரிகளைத் தேடிப் பிடிச்சேன். வார்த்தை கிடையாது, அவசரம் கிடையாது. அடியில பேஸ் மட்டும் நிதானமா போகும். எத்தனையோ ராத்திரி அதுதான் என்னைத் தூங்க வச்சது.

ஒரு ராத்திரி வரிசையா நாலு கச்சேரி டவுன்லோட் பண்ணிட்டு யோசிச்சேன். இவங்க இலவசமா கொடுக்கறது டிக்கெட் காசு வருதுங்கிற தைரியத்துல. இப்ப உலகம் முழுக்க கச்சேரியே இல்லையே. அப்போ இவங்களுக்கு வருமானம்?

அதே மார்ச்ல பேண்ட்கேம்ப்ங்கிற இசை விற்பனைத் தளம், ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க தன் கமிஷனை விட்டுக்கொடுத்து மொத்தமும் கலைஞர்களுக்கேன்னு அறிவிச்சது. நிலைமை அந்த அளவுக்கு இருந்தது.

அன்னைக்கு ராத்திரியே "ஸ்லோ டவுன்" ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். வீட்டு இஎம்ஐக்கு நடுவுல அது பெரிய தொகை இல்லை. என் வாழ்க்கையில பாட்டுக்குன்னு நான் விரும்பிக் கொடுத்த முதல் காசு அதுதான். அப்ப எனக்கு வயசு முப்பதைத் தாண்டியிருந்தது. கொஞ்சம் வெட்கமாவும் இருந்தது.

இதுல இன்னொண்ணும் புரிஞ்சது. இலவச ஆல்பம்ங்கிறது மேடை இருக்கிறவருக்குக் கட்டுப்படியாகும். உடம்பு முடியாத வயசான பாடகருக்கு, ஸ்டுடியோவுல மட்டும் வாசிக்கிறவருக்கு, விசா கிடைக்காத ஊர்க்காரருக்கு கட்டுப்படியாகாது. "அந்த பேண்ட் ஃப்ரீயா கொடுக்குதே, நீங்க ஏன் காசு கேக்கறீங்க?"ன்னு அவங்ககிட்ட கேக்கறது அநியாயம்.

*சரி, டாக்டரா ஒரு குறிப்பு: காது*

டப் கேக்கப் போறவங்களுக்கு இது அவசியம்.

போன் ஸ்பீக்கர்ல பேஸ் கிட்டத்தட்ட வராது. பேஸ் வரலையேன்னு வால்யூமை ஏத்திட்டே போவீங்க. ஏறுறது பேஸ் இல்லை, மத்த சத்தம்தான். காதைக் கெடுக்கறதும் அதுதான். சுமாரான விலையில காதை நல்லா மூடுற ஹெட்போன் இருந்தா குறைஞ்ச சத்தத்துலயே பேஸ் கேக்கும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு: பெரியவங்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 83ல 20 மணி நேரம், 86ல 10 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலோட நிறுத்தணும். கச்சேரி அரங்குகளுக்கு சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாதுன்னு 2022ல வழிகாட்டுதல் கொடுத்திருக்காங்க.

நேர்ல போனா ஸ்பீக்கர் முன்னாடி நிக்காதீங்க. வெளிய வந்ததும் காதுல "கொய்ங்"னு சத்தம் கேட்டா, காது அளவுக்கு மீறி வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். உள் காதுல இருக்கிற நுண் முடிச் செல்கள் அழிஞ்சா திரும்ப முளைக்காது. அதுக்கு இலவசமாவும் மருந்து இல்லை, காசுக்கும் இல்லை.

*முடிவா நான் சொல்றது*

இலவச ஆல்பம் கிடைச்சா தாராளமா எடுத்துக்கோங்க. கூச்சப்பட வேண்டாம். எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க.

ஒண்ணு: இதை யார் கொடுக்கறாங்க?

ரெண்டு: அவங்க விரும்பித்தான் கொடுக்கறாங்களா?

ரெண்டுக்கும் பதில் சரியா இருந்தா, முழுசா கேளுங்க. பத்து செகண்ட் கேட்டுட்டு தள்ளிவிடாதீங்க. பேண்ட் பேரோட நண்பருக்கு அனுப்புங்க, பேரை வெட்டிட்டு அனுப்பாதீங்க. முடிஞ்சப்போ ஒரு ஆல்பமோ, ஒரு டிக்கெட்டோ காசு கொடுத்து வாங்குங்க. முடியலைன்னா பரவாயில்லை, உங்களுக்கும் சேர்த்துத்தான் அவங்க கொடுத்திருக்காங்க.

பதில் சரியா இல்லைன்னா, அது இலவசம் இல்லை. பில் வேற யாரோ ஒரு வாத்தியக்காரர் வீட்டுக்குப் போயிருக்கு.

தம்பிக்கு அன்னைக்கு விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒரு இயர்போனைக் கொடுத்தேன். ரெண்டு பேஷன்ட்டுக்கு நடுவுல கிடைச்ச இருபது நிமிஷம் கேட்டார். "சார், சுமார் இல்ல சார்"னு சொன்னார். அப்புறம் ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, ரெண்டு பேரும் எழுந்து ஓடினோம்.

அந்த அம்மா மாத்திரையை ஒழுங்கா போட்டாங்களான்னு அடுத்த ரிவ்யூவுல பாக்கணும். நீங்களும் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க.


பிடிச்சிருந்தா பகிருங்கள்.

உங்கள் அரசு மருத்துவர்